குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பித் தருவதாகச் சொல்பவரிடம் வெற்றுத்தாளில் கையொப்பம் இடாதீர்கள்

ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குள், கடவுச்சீட்டுகளைக் கையில் பிடித்தபடி ஓர் இளம் குடும்பம் ஏறிப் போவதைச் சென்ற வாரம் கண்டேன். அதே படிகளில் 2022 செப்டெம்பரில் நானும் ஏறியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மனைவியின் அனுசரணையில் 2019 செப்டெம்பர் 10ஆம் திகதி நிரந்தர வதிவிட உரிமையுடன் கனடாவுக்கு வந்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, கையொப்பமிடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இந்த நாட்டில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன என்ற மகிழ்ச்சியில், விண்ணப்பத்தை நிரப்பித் தர, உறவினர் ஒருவர் காட்டிய அந்த அலுவலகத்து நபரிடம் 1,800 டொலரைக் காசாகக் கொடுத்தேன். அரசாங்கத்துக்குரிய கட்டணமோ அப்போது 630 டொலர் மட்டும்தான், அதையும் நானே தனியாகக் கட்டினேன்.

2022 தொடக்கத்தில் அம்மா காலமானபோது யாழ்ப்பாணம் போய், அந்தியேட்டி முடித்து, வீட்டுக் காரியங்களையும் பார்த்துவிட்டு வந்ததில் 46 நாட்கள் கனடாவுக்கு வெளியே இருந்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன். கட்டுநாயக்கா விமான நிலைய முத்திரை குத்திய பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். "தம்பி, உதை ஆர் பார்க்கப்போறாங்கள், நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொல்லி, கையொப்பம் இடும் பக்கத்தை மட்டும் என் முன்னால் வைத்தார். நிரப்பப்பட்ட மற்றப் பக்கங்களை நான் பார்க்கவில்லை. அவர் போட்ட கணக்கு 1,112 நாட்கள். அம்மாவின் சாவுக்குப் போன 46 நாட்களும் அதில் இல்லாமலே போயின. உண்மையான கணக்கு 1,066, அதாவது 29 நாட்கள் குறைவு. ஒரு மாதம் பொறுத்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லாமல் விண்ணப்பித்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு எரிகிறது.

அடுத்த வசந்த காலத்தில் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் பயண விவரங்களையும் கேட்டுக் குடிவரவு, குடியுரிமைத் திணைக்களம் கடிதம் அனுப்பியது. விண்ணப்பத்தில் அவர் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்ததால், பல நாட்கள் கழிந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று சட்டத்தரணி விளக்கியபோது கைகால் நடுங்கியது. நடந்ததை மறைக்காமல் எழுதி, விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டேன். 100 டொலர் திரும்பி வந்தது, 530 டொலர் போனது போனதுதான். பின்னர் திணைக்கள இணையத்தளத்தில் இருக்கும் நாட்கணிப்பானில் ஒவ்வொரு பயணத்தையும் நானே பதிந்து, 2023இல் புதிதாக விண்ணப்பித்தேன். புறப்படும் நாளும் திரும்பி வரும் நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கொள்ளப்படும் என்பதைக்கூட அப்போதுதான் அறிந்தேன்.

அவர் என்னிடம் மட்டும் இப்படி நடக்கவில்லை. 61 வயதான என் மாமியிடம் ஆங்கிலச் சான்றிதழ் வகுப்புக்கென்று பணம் வாங்கியிருக்கிறார், மொழித் தகைமை 18 முதல் 54 வயது வரையுள்ளவர்களுக்கே தேவை என்றிருக்க. இருபது கேள்விகளில் பதினைந்துக்குச் சரியாக விடையளித்தால் போதுமான குடியுரிமை அறிவுத் தேர்வுக்கு, அரசாங்கம் இலவசமாகத் தரும் கைந்நூலை அச்சடித்து விற்கிறார். எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவரிடம், இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து ஊருக்குப் பயப்படாமல் போய்வரலாம் என்று என் காதுபடவே சொன்னார். குடியுரிமை கிடைக்கும் முன் அப்படிப் போனவருடைய அகதிப் பாதுகாப்பு முடிவுக்கு வரலாம். 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்தின் பிறகு அதனுடன் சேர்த்து வதிவிட உரிமையும் பறிபோகலாம்.

பணம் வாங்கிக்கொண்டு இவ்வகை ஆலோசனை சொல்ல, சட்டத்தரணியாகவோ, 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் (பெயர் கல்லூரி என்றாலும் இது ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு) உறுப்பினராகவோ, அல்லது சட்டம் அனுமதிக்கும் வேறு சில தகைமைகளில் ஒன்றை உடையவராகவோ இருக்க வேண்டும். கல்லூரியின் உறுப்பினர் பட்டியலை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அந்த நபரின் பெயர் அதில் இல்லை, சட்டத்தரணியும் அல்லர். விண்ணப்பத்தில் தன்னை என் பிரதிநிதி என்றுகூட அவர் குறிக்கவில்லை. ஆகவே திணைக்களத்தின் கண்ணில் அவ்வளவு பொய்யையும் எழுதியவன் நான்தான்.

பற்றுச்சீட்டு இல்லாததால் 1,800 டொலரில் ஒரு சதமும் திரும்ப வரவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஆவணங்களைக் கொடுத்திருப்பவர்கள், அனுப்பப்பட்ட விண்ணப்பத்தின் முழுப் பிரதியை உடனே கேளுங்கள். எனக்குத் தர மறுத்தார். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டித் திணைக்களத்திடமே கேட்டுத்தான், என் பெயரில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை முதன்முறையாக வாசித்தேன்.