சர்க்கரை ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்

ப்ரீடயபடீஸாக, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமாக இருக்குமோ என்ற பயத்தோடு ரத்தம் கொடுத்தவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரிப்போர்ட் வந்த அன்றே போன் வரும். "அஞ்சு டெஸ்ட், அஞ்சும் சிவப்பு. இப்பவே ஆரம்பிச்சா தப்பிச்சுக்கலாம்" என்று பேச்சு தொடங்கி, ஆறு மாத சிகிச்சை பேக்கேஜில் போய் முடியும்.

அந்த ஐந்து வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் 104, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எண்) 6.0, சராசரி குளுக்கோஸ் 126, இன்சுலின் 14, ஹோமா ஐஆர் (இன்சுலினுக்கு உடல் எவ்வளவு அடங்க மறுக்கிறது என்று மதிப்பிடும் எண்) 3.6. ஐந்து கோளாறு மாதிரி தெரிகிறதே, அளந்தது மூன்றுதான். சராசரி குளுக்கோஸுக்கென்று யாரும் தனியாக எதையும் சோதிப்பதில்லை. ஹெச்பிஏ1சியை 28.7 ஆல் பெருக்கி 46.7 ஐக் கழித்துப் போடும் கணக்கு அது; 6.0 என்றால் 126 வந்தே தீரும். ஹோமா ஐஆரும் கணக்குதான். வெறும் வயிற்று அளவை இன்சுலினால் பெருக்கி 405 ஆல் வகுத்தது.

இதில் ஆளை அதிகம் மிரட்டுவது அந்த 126. வெறும் வயிற்றில் 126 என்றால் அது சர்க்கரை நோயின் எல்லைக்கோடு. ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது சாப்பாட்டுக்குப் பிறகு ஏறியதும் இரவில் இறங்கியதும் சேர்ந்த மொத்தச் சராசரி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே பேசுகிறார். இன்சுலின், ஹோமா ஐஆர் இரண்டும் ப்ரீடயபடீஸைக் கண்டுபிடிக்கும் வரையறையிலேயே இல்லை. லேபுக்கு லேப் இன்சுலின் அளவு மாறும், எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லையும் கிடையாது. பேக்கேஜின் கனத்தைக் கூட்டத்தான் பெரும்பாலும் அவை உதவுகின்றன.

வரையறை இவ்வளவுதான். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கில் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை ப்ரீடயபடீஸ். முதல் இரண்டும் மி.கி./டெ.லி. கணக்கு, மூன்றாவது சதவீதம். ரிப்போர்ட் மி.மோல்/லி. என்று வந்தால் 18 ஆல் பெருக்குங்கள், 5.6 என்ற குளுக்கோஸ் அளவை ஹெச்பிஏ1சி 5.6 என்று படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பு வெறும் வயிற்று எல்லையை 110 இல் தொடங்குகிறது. அதாவது அதே 104 ஒரு அளவுகோலில் ப்ரீடயபடீஸ், இன்னொன்றில் இயல்பு. அதற்காக 104 ஐயும் 6.0 ஐயும் தூக்கிப் போட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் விஷயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் ஏறியிருந்தால், இன்னொரு நாள் ஒழுங்காகத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஒழுங்காக எடுப்பதில்தான் பாதிப் பிரச்சினை. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் சாதாரணக் குழாயில் பிடித்து, பையில் போட்டு மூன்று மணி நேரம் சுற்றினால், 112 இருந்தது 93 பக்கம் வந்து நிற்கும். ரிப்போர்ட் 'நார்மல்' என்று சொல்லும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். பொய்யாகப் பயமுறுத்துவதைவிட இந்த ஏமாற்று மோசம். குளுக்கோஸுக்கு ஃபுளோரைடு சேர்த்த சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். அதுவும் உடனே வேலை செய்யாது, முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் லேபிலேயே போய்க் கொடுப்பது நல்லது. 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது.

ஹெச்பிஏ1சிக்கு ஊதா மூடிக் குழாய், பட்டினி தேவையில்லை. அதை ஏமாற்றுவது ரத்தத்தின் நிலை. இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறிக் காட்டலாம். இரும்பு மாத்திரை தொடங்கியதும் இறங்கும். அந்த நேரத்தில் யாராவது சர்க்கரைக்கென்று ஒரு பொடியும் கொடுத்திருந்தால் பெயர் பொடிக்குப் போய்விடும். சமீபத்திய ரத்த இழப்பு, ரத்தம் ஏற்றியது, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள், கர்ப்பத்தின் பிற்பகுதி ஆகியவை எண்ணைக் குறைத்துக் காட்டலாம். ஹீமோகுளோபினில் பரம்பரை மாற்றம் இருந்தால், சோதிக்கும் முறையைப் பொறுத்து எந்தப் பக்கமும் போகலாம். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சி மட்டும் வைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

இலவச முகாமில் விரலில் குத்தி "உங்களுக்கு ப்ரீடயபடீஸ்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியான குளுக்கோமீட்டருக்கான சர்வதேச ஐஎஸ்ஓ தரமே 100க்குக் கீழே 15 புள்ளியும், 100க்கு மேல் 15 சதவீதமும் முன்பின் இருக்க அனுமதிக்கிறது. உண்மையில் 100 இருப்பவருக்கு 86 ம் வரலாம், 114 ம் வரலாம். பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் இன்னும் ஏறும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் தன்னைக் கவனித்துக்கொள்ளும் கருவி அது. புதிதாக நோயை உறுதிசெய்ய அதை நம்ப முடியாது.

குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்டில்தான் அலட்சியம் உச்சம். நீர் சேராத குளுக்கோஸ் 75 கிராம், அல்லது நீர் சேர்ந்த வகை என்றால் 82.5 கிராம், 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மடக்கிலிருந்து 2 மணி நேரம். நடக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, வாந்தி எடுத்தால் டெஸ்ட் செல்லாது. ஸ்பூனால் அள்ளிப் போட்டுக் கலக்கித் தருகிற இடத்தில் டம்ளரை வாங்காதீர்கள். "சாப்பிட்டுவிட்டு வாங்க, அதுவே போதும்" என்றால் அது வேறு டெஸ்ட். மேலே சொன்ன 140 எல்லை அதற்குச் சேராது. இன்னொரு விஷயம் அநேகமாக யாரும் சொல்வதில்லை. பயத்தில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு இந்த டெஸ்டுக்குப் போனால் எண் பொய்யாக ஏறும். முந்தைய மூன்று நாளும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். காய்ச்சலின்போதும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும்போதும் தள்ளிப்போடுங்கள்.

பேக்கேஜ்காரர்கள் காட்டும் 'முன், பின்' ரிப்போர்ட்டில் தேதியையும் லேபையும் பாருங்கள். நல்ல லேபிலேயே 6.0 அடுத்த முறை 5.8 என்று வரலாம். இரண்டு வாரத்தில் வேறு லேபில் எடுத்த 5.8 எதையும் நிரூபிக்காது. மூன்று மாதம் கழித்து அதே லேபில் எடுத்ததுதான் கணக்கு. மூலிகை என்று விற்ற பொடிகளில் மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தே கலந்திருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. அப்படிப்பட்ட பொடி எண்ணை இறக்கவும் செய்யும், ஆளை மயக்கம் போட்டு விழவும் வைக்கும்.

காசில்லாமல் கிடைக்கும் வைத்தியத்துக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 2002 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தவர்களுக்கு சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31.

போனில் அவசரப்படுத்துகிறவரிடம் மூன்று கேள்வி போதும். எந்தக் குழாயில் எடுத்தீர்கள், ரத்த அணுக்களை எத்தனை மணிக்குப் பிரித்தீர்கள், ஹெச்பிஏ1சி எந்த முறையில் பார்த்தீர்கள். பதில் வராவிட்டால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது என்று இருந்தால் மட்டும் மறு டெஸ்டுக்கு நாள் பார்க்காமல் அன்றைக்கே போங்கள்.