ஈமாக்ஸின் பைட் கம்பைலர்: அமைப்புக் கோப்பைச் சீர்செய்ய எவ்வளவு உதவும்?

ஈமாக்ஸ் உரைத்திருத்தியின் அமைப்புக் கோப்பு வெறும் விருப்பத் தேர்வுகளின் பட்டியலன்று. அது லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட நிரல். அதில் உள்ள பிழைகளைக் கண்டறியத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஈமாக்ஸுடனேயே வரும் பைட் கம்பைலர் (லிஸ்ப் நிரலை விரைவாக ஓடும் வடிவத்துக்கு மாற்றி, வழியில் காணும் ஐயங்களை எச்சரிக்கைகளாகச் சொல்லும் கருவி) போதும். வேகத்துக்காக அதை நாடுவோர் ஏமாறுவர். அமைப்புக் கோப்பைக் கம்பைல் செய்து வைப்பதை ஈமாக்ஸின் கையேடே பரிந்துரைப்பதில்லை. தொடங்கும் நேரம் அதனால் பெரிதாகக் குறைவதில்லை, மூலக் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்ய மறந்தால் பழைய வடிவமே ஏற்றப்பட்டு வீண் குழப்பம் நேர்கிறது. ஆகவே கம்பைல் செய்து, எச்சரிக்கைகளைப் படித்து, உருவான கோப்பை அழித்துவிடுவதே முறை. இந்த மதிப்புரை அந்தப் பயன்பாட்டைப் பற்றியது மட்டுமே.

எங்கே இயக்குகிறோம் என்பதைப் பொறுத்து இதன் விடை மாறுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸுக்குள் கம்பைல் செய்தால், எல்லாப் பேக்கேஜ்களும் (ஈமாக்ஸில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) நினைவகத்தில் இருப்பதால், வர வேண்டிய எச்சரிக்கைகளில் பாதி வராமலே போய்விடும். எதையும் ஏற்றாத வெறும் ஈமாக்ஸில் இயக்கினாலோ, பேக்கேஜ்கள் இருக்கும் இடமே தெரியாமல் அது ஒவ்வொரு ஃபங்ஷனையும் ‘வரையறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை’ என்று சொல்லிக்கொண்டே போகும். பேட்ச் முறையில், அதாவது சாளரம் திறக்காமல் கட்டளை வரியிலிருந்து, புதிதாகத் தொடங்கி, பேக்கேஜ்களின் பாதைகளை மட்டும் முதலில் அறிமுகப்படுத்திவிட்டுக் கம்பைல் செய்வதே நம்பத்தக்க பட்டியலைத் தருகிறது. இதைக் கருவி தானாகச் சொல்வதில்லை என்பது ஒரு குறை.

எச்சரிக்கைகளில் மிகுதியாக வருவது, அறியப்படாத மாறியைப் பற்றியது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். இன்னும் ஏற்றப்படாத பேக்கேஜுக்கு உரிய மாறியாக இருந்தாலும் அதேதான். முதலாவது உண்மையான பிழை, இரண்டாவது பிழையே அன்று. வேறுபாட்டைக் காண வேண்டியவர் நாம்தான். இரண்டாவது வகைக்கு, மதிப்பு எதுவும் தராமல் டெஃப்வார் என்று ஒரு வரி எழுதினால் போதும். அது மாறியை உருவாக்குவதில்லை. இப்பெயர் வேறெங்கோ வரையறுக்கப்பட்டது என்று கம்பைலருக்குத் தெரிவிப்பதோடு சரி.

அந்த ஒரு வரியை வெறும் ஒப்புக்குச் செய்யும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. லெக்ஸிக்கல் பைண்டிங் (மாறிக்குத் தரும் மதிப்பு, அது எழுதப்பட்ட நிரல் பகுதிக்குள் மட்டும் செல்லும் என்ற விதி) நடப்பில் உள்ள கோப்பில், குறிப்புகள் எழுத உதவும் ஆர்க் மோடு என்ற பேக்கேஜ் நிரல் துண்டுகளை இயக்குமுன் அனுமதி கேட்பதைத் தற்காலிகமாக நிறுத்த, அதற்குரிய மாறியை ‘லெட்’டுக்குள் (மாறிக்குத் தற்காலிக மதிப்பு தரும் லிஸ்ப் கட்டளை) வைத்து மாற்றுவதாகக் கொள்வோம். ஆர்க் மோடு ஏற்றப்படாத நிலையில் கம்பைலருக்கு அந்தப் பெயர் தெரியாது. எனவே அதை அந்த இடத்துக்கு மட்டும் உரிய உள்மாறியாக்கிவிடும், ஆர்க் மோடும் அதைப் பார்க்காமல் வழக்கம்போல அனுமதி கேட்கும். நிரல் நின்றுபோகாது, பிழைச் செய்தியும் வராது. ‘பயன்படுத்தப்படாத லெக்ஸிக்கல் மாறி’ என்ற ஓர் எச்சரிக்கைதான் இதைக் காட்டிக்கொடுக்கும். இதற்காகவே இந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்பேன்.

லெக்ஸிக்கல் பைண்டிங் 2012இல் வெளியான 24ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. அது நடப்பில் உண்டா இல்லையா என்று அறிவிக்கும் முதல் வரி இல்லாத கோப்பைக் கம்பைலர் எச்சரிப்பதோ 2025இல் வெளியான 30ஆம் பதிப்பிலிருந்துதான். சீர்செய்யும் வேலையை அந்த வரியைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது; அதுவரை ஒளிந்திருந்தவை அப்போதுதான் வெளிவரும். வழக்கொழிந்த பெயர்களைப் பற்றிய எச்சரிக்கைகள் எளியவை. எந்தப் பதிப்பில் கைவிடப்பட்டது, பதிலாக எதை எழுத வேண்டும் என்று பெரும்பாலும் செய்தியிலேயே இருக்கும்.

கருவியின் பெரிய குறை, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வது. ஃபங்ஷனோடு சேர்த்து எழுதும் விளக்கவுரையின் ஒரு வரி 80 எழுத்துகளைத் தாண்டிவிட்டது என்பதும், மேலே சொன்ன லெட் சிக்கலும் பட்டியலில் அடுத்தடுத்து, ஒரே எடையோடு நிற்கும். 2022இல் 28ஆம் பதிப்போடு வந்த, லிஸ்ப் நிரலைக் கணினியின் இயந்திர மொழிக்கே மாற்றும் நேட்டிவ் கம்பைலர் இதை இன்னும் மோசமாக்கியது. அது பின்னணியில், தனிச் செயல்முறையில் இயங்கி, பிறர் எழுதிய பேக்கேஜ்களின் எச்சரிக்கைகளை நாம் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் திரையில் கொண்டுவந்து வைக்கிறது. பேக்கேஜை எழுதியவருக்கு அவை பயன்படலாம், மற்றவர்களுக்கு இடையூறே. நேட்டிவ் கம்பைலரின் எச்சரிக்கை அறிவிப்புக்கான மாறியில் ‘சைலன்ட்’ என்று வைத்தால், செய்திகள் பதிவாகும், சாளரம் திறக்காது.

சொந்தக் கோப்பில் மட்டும் அப்படி மொத்தமாக வாயடைக்க வேண்டாம். 27ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் வித்-சப்ரெஸ்ட்-வார்னிங்ஸ், எந்த வகை எச்சரிக்கையை, எந்தப் பெயருக்கு அடக்க வேண்டும் என்று குறிப்பிட இடம் தருகிறது. பழைய வித்-நோ-வார்னிங்ஸ் உள்ளே இருக்கும் அனைத்தையும் மறைத்துவிடும். 29ஆம் பதிப்பு முதல் ஈமாக்ஸோடு சேர்ந்தே வரும், ஒவ்வொரு பேக்கேஜின் அமைப்பையும் ஒரே இடத்தில் எழுத உதவும் யூஸ்-பேக்கேஜைக் கொண்டு கோப்பை அமைத்திருப்போருக்கு வேலை இன்னும் குறைவு. கம்பைல் செய்யும்போது அது உரிய பேக்கேஜ்களைத் தானே ஏற்றிக்கொள்வதால், அறியப்படாத பெயர்களைப் பற்றிய எச்சரிக்கைகளில் பெரும்பகுதி எழுவதே இல்லை.