ஸ்பீக்கர் பின்னால் நாலு டெர்மினல் இருந்தால் முதலில் அந்தத் தகட்டைப் பாருங்கள்

டவர் ஸ்பீக்கரும் ரிசீவரும் வாங்கப் போகிறவர்கள், வாங்கி மாட்டிவிட்டவர்கள் எல்லாரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். டெர்மினல்களை (ஒயர் மாட்டும் முனைகளை) இணைக்கும், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நாலு தகட்டால் என் புது ரிசீவரில் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்பில்) இரண்டு சேனல் (ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும் வழி) போய்விட்டது.

வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கடையில் ஏழு ஸ்பீக்கர் மாட்டக்கூடிய 7.2 ரிசீவரும், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட்டும் வாங்கினேன். அப்பாவுக்காகத்தான். நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்தில் கேட்கிற மாதிரி கூடத்தில் கேட்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. முன்பக்க டவரின் பின்னால் சிவப்பும் கருப்புமாக மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி டெர்மினல் இருந்தது. மாட்ட வந்தவர் அதைப் பார்த்ததும், "பை-ஆம்ப் பண்ணாத்தான் சார் முழு சவுண்டும் வரும், இதுக்குன்னு தனி ஒயர் இருக்கு" என்று மீட்டர் 280 ரூபாய்க்கு 20 மீட்டர் கொடுத்தார். பை-ஆம்ப் என்றால் ஒரே ஸ்பீக்கரின் மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் தனித்தனி ஆம்ப் சேனல் கொடுப்பது. ரிசீவரில் சும்மா கிடந்த சரவுண்ட் பேக் (பின்பக்க ஸ்பீக்கருக்கான) சேனல் இரண்டையும் டவரின் மேல் ஜோடிக்குக் கொண்டுவந்து, மெனுவிலும் மாற்றிவிட்டு, மாட்டுக்கூலி 1,500 வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தங்க நிறத் தகடுகளை மட்டும் கழற்றவே இல்லை, அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவும் இல்லை.

மெதுவாக வைத்துக் கேட்டவரை ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் அப்பா தவில் தனியாவர்த்தனத்துக்குக் கொஞ்சம் சத்தம் கூட்டினார், உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம், ரிசீவர் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் ஓடும், பத்து நிமிஷத்தில் மறுபடி டக். கடைக்கு போன் போட்டால், "குறுவைக்கு ஊரெல்லாம் மோட்டார் ஓடுது சார், வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதை யார் நம்ப மாட்டார்கள்? அதற்கு ஒரு 4,200 அழுதேன். அடுத்த வாரம் ரிசீவர் ஒரேயடியாக, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்ளும் புரொடெக்‌ஷனில் நின்றுவிட்டது.

கடைசியில் திருவிழாவுக்கு மைக்செட் போடும் எங்கள் ஊர் அண்ணன்தான் வந்து பார்த்தார். மல்டிமீட்டரை பீப் சத்தத்துக்கு வைத்து, ஒரு முனையை மேல் சிவப்பிலும் இன்னொன்றைக் கீழ் சிவப்பிலும் தொட்டார். பீப். "தம்பி, ரெண்டு ஆம்பை நேருக்கு நேர் முட்ட விட்டிருக்காங்க" என்றார். அந்தத் தகடு இருக்கும்போது ஒரு சேனலின் அவுட்புட் இன்னொரு சேனலின் அவுட்புட்டோடு நேராகச் சேர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் துளி வித்தியாசம் வந்தாலும் கரண்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்து, சூடாகி, சேனல் எரிகிறது. அப்புறம் அந்த 'ஸ்பெஷல்' ஒயரை பிளேடால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். பில்லில் "காப்பர்" என்று போட்டிருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். ஒரே ஜோடி ஒயர் என்றால் தகடு இருந்தே ஆக வேண்டும், கழற்றிவிட்டால் ஊஃபரோ (கனத்த சத்தம் தருவது) ட்வீட்டரோ (கீச்சுச் சத்தம் தருவது) ஏதாவது ஒன்றுதான் பாடும். இரண்டு ஆம்ப் சேனல் கொடுக்கிறீர்கள் என்றால் தகடு இருக்கவே கூடாது, ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வீதம் நாலையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ரிசீவரை ஆன் செய்ய விட வேண்டும். என்னைக் கேட்டால் ரிசீவரில் பை-ஆம்பே வேண்டாம். சேனல் இரண்டானாலும் பவர் சப்ளை ஒன்றுதான், ஸ்பீக்கருக்குள் சத்தத்தை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் அப்படியேதான் இருக்கிறது, காதுக்குப் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. இப்போது அண்ணன் கொடுத்த பழைய ஸ்டீரியோ ஆம்பில் தகட்டோடு ஒரே ஜோடி நல்ல செம்பு ஒயரில்தான் டவர் ஓடுகிறது, அப்பாவுக்கு அதுவே திருப்தி.

தவறாக மாட்டியதால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள், மாட்டியது உங்கள் கடை ஆள்தானே என்று கேட்டால் கடையில் பதிலே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில், மாட்டுக்கூலி ரசீது, தகடு இருக்கும்போதே அண்ணன் எடுத்த போட்டோ, சுரண்டிய ஒயர்த் துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கடையிலிருந்து ஒரு தீர்வு வராவிட்டால் அடுத்தது தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம்தான்.