மூன்று நிமிடப் பேச்சா, போஸ்டரா?

முனைவர் பட்ட மாணவர்களுக்கு வரும் அழைப்புகளில் இந்த இரண்டும் வழக்கமானவை. ஒரே வாரத்தில் வந்தால் எதற்குப் போவது?

தன் ஆய்வை மூன்றே நிமிடத்தில் மேடையில் விளக்கும் 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரே ஸ்லைடு. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். வீடியோ, ஒலி, கையில் காட்டும் பொருள் எதுவும் கூடாது, பாட்டுக்கும் கவிதைக்கும்கூடத் தடை (நல்லவேளை!). கேட்பவர்கள் வேறு துறைக்காரர்கள் என்பதால், 'இதனால் யாருக்கு என்ன?' என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். முடிவுகள் கைக்கு வராதவர்கள் இங்கே திணறுவார்கள்.

ஆய்வைச் சுருக்கி ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மாட்டும் போஸ்டர் அமர்வில் அந்த நெருக்கடி இல்லை. பெரும்பாலும் ஏ0 தாள், சுமார் 84 × 119 செ.மீ. ஓரிரு மணி நேரம் பக்கத்தில் நின்று வருவோரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். கால் வலிக்கும், சரி. ஆனால் உங்கள் துறையில் ஊறியவர் ஒருவர் நின்று, "இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவை (ஒப்பிடுவதற்கான குழுவை) எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், அது ஆய்வேட்டு மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை. பேச்சுப் போட்டியில் பொதுவாகக் கேள்வி நேரமே கிடையாது.

இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால் யோசிக்காமல் போஸ்டர். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் மேடை ஏறலாம். வேலைக்கான நேர்காணலில் அதே மூன்று நிமிடம் அப்படியே கைகொடுக்கும்.