பசை வேண்டாத கன்டாம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கன்டாம் என்ற யப்பான் கார்ட்டூன் தொடரில் வரும் ஆர்எக்ஸ்-78-2 ரோபோவின் பொருத்துப் பெட்டி வாங்கினேன்; துண்டுகளைப் பொருத்தி நாமே பொம்மையைச் செய்ய வேண்டும். அளவு 1/144. கதையில் 18 மீற்றர் உயரமான ரோபோ, மேசையில் 12.5 சென்ரிமீற்றர்தான்.

பசையே தேவையில்லை. துண்டுகளை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை அழுத்தினால் டக்கென்று இறுகும். பிளாஸ்ரிக்கே வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வார்க்கப்பட்டிருப்பதால் பெயின்ற் அடிக்காமலே வடிவாக இருக்கிறது. விளக்கத்தாள் யப்பான் மொழியில். ஆனாலும் என் மருமகன் படங்களைப் பார்த்தே முழங்கை மூட்டு வரை தானாகப் பொருத்திவிட்டான்.

வெட்டுக்குறடு அந்தக் கடையில் இல்லை. அது பெரிய குறை. நகவெட்டியால் வெட்டினால் வெள்ளைத் தழும்பு விழும்.

எனக்கு முக்கியம் கதைதான். 1979இல் யப்பான் தொலைக்காட்சியில் வந்த முதல் தொடரில் ரோபோவுக்குள் ஏறுகிறவன் 15 வயது அமுரோ. சண்டையை அவன் தேடிப் போகவில்லை, அவன் இருந்த இடத்துக்கே அது வருகிறது. எதிர்ப்பக்கத்தில் சாகிறவர்களும் மனிதர்கள்தான் என்பதைத் தொடர் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் இதை வெறும் கார்ட்டூன் என்று தள்ள முடியாது. பிள்ளைக்குப் பெட்டி வாங்கினால் தொடரையும் கூட இருந்து பாருங்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வேண்டாம், துண்டுகள் வாய்க்குள் போகும்.