பெர்மனென்ட் பிளேஸ்மென்ட்டா, காண்ட்ராக்ட் ஸ்டாஃபிங்கா: எந்தக் காலத்தில் எது உதைக்கும்?

பெர்மனென்ட் பிளேஸ்மென்ட்டை, அதாவது கம்பெனியின் நிரந்தர வேலைக்கு ஆள் தேடிக் கொடுப்பதை, மட்டும் நம்பும் கன்சல்டன்சி மந்தம் வந்தால் படுத்துவிடும், தானே சம்பளம் போட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்பும் காண்ட்ராக்ட் ஆட்களை வைத்திருப்பவர் தப்பித்துவிடுவார் என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மந்தத்தில் முதல் அடி பெர்மனென்டுக்கு என்பது சரி. ஆனால் சந்தை சூடாக இருக்கும்போது மூழ்கும் ஆபத்து காண்ட்ராக்டுக்குத்தான் அதிகம்.

பெர்மனென்ட் கணக்கு எளிது. ஆளைத் தேடிக் கொடுத்து, அவர் வேலையில் சேர்ந்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33%, அதாவது ஒரு மாதச் சம்பளம், நம் கட்டணம். சி.டி.சி., அதாவது மொத்த ஆண்டுச் சம்பளம், 6 லட்சம் என்றால் 50,000 ரூபாய். 90 நாளுக்குள் அவர் விட்டுப் போனால் வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும். ரெக்ரூட்டர்கள் சம்பளம், நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தின் சந்தா, வாடகை தவிரப் பெரிய செலவு கிடையாது.

மந்தம் வந்தால் இந்த வருமானம் சரியாது, நின்றே போகும். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும், 'ஜாயினிங்கைத் தள்ளி வைக்கிறோம்' என்று ஒரு மெயில் வரும், மூன்று மாத உழைப்பு அத்தோடு முடிந்தது. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994. இருக்கிற ஆளையே குறைக்கும்போது புது ஆளுக்குக் கட்டணம் யார் தருவார்? சரி, ஏறுமுகம் வந்தால் கொண்டாட்டமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 2022 ஜனவரி-மார்ச் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனோர் விகிதம் 27.7%. கேட்ட இடமெல்லாம் ஆள் தேவை. ஆனால் கேண்டிடேட் கையில் நாலு ஆஃபர், ஜாயினிங் அன்று போனை எடுக்க மாட்டார். ஆனாலும் இந்த வழியில் ஒரு நிம்மதி உண்டு: தொழில் நின்றால் வருமானம்தான் போகும், ஊருக்குக் கடன்பட மாட்டோம்.

காண்ட்ராக்ட் அப்படியல்ல. கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் புரியும்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு 100 பேரை அனுப்புகிறோம் என்று வையுங்கள். பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 20,000. மொத்தம் 20 லட்சம். சர்வீஸ் சார்ஜ் 6%, அதாவது 1.2 லட்சம். 21.2 லட்சத்துக்குப் பில், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 3.8 லட்சம். கிளையண்ட் 60 நாளில் பணம் தருவார். ஏப்ரல் சம்பளத்தை மே 7-க்குள் போட்டாக வேண்டும், மே சம்பளத்தை ஜூன் 7-க்குள். பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15-ஆம் தேதி கெடு. ஜூன் 20-இல் ஜிஎஸ்டி, பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும். ஏப்ரல் பில்லின் பணம் ஜூலை முதல் வாரத்தில் வரும்போது நம் கையிலிருந்து ஏறக்குறைய 44 லட்சம் வெளியே போயிருக்கும்.

அப்புறமும் சராசரியாக 38 லட்சம் போல எப்போதும் வெளியே சிக்கியிருக்கும். மாதம் 1% வட்டிக்கு பேங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்தால் 38,000 போச்சு. கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால் கிளையண்ட் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, டிடிஎஸ், 2%. அதை லாபத்தின் மேல் பிடிப்பதில்லை, ஜிஎஸ்டி நீங்கலான மொத்த பில்லின் மேல் பிடிப்பார்கள்: 42,400. ரீஃபண்டில் திரும்பும்தான், ஆனால் அடுத்த வருஷம். 1.2 லட்சத்தில் கையில் நிற்பது 40,000-க்கும் கீழே. அதில் ஆபீஸ் செலவு வேறு.

சந்தை ஏறி, அதே கிளையண்ட் '100 பேரை 300 ஆக்குங்கள்' என்கிறார். ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லும் செய்திதான். ஆனால் சிக்கும் பணமும் மூன்று மடங்கு. அந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட தொகையை எந்த பேங்க் பிணை இல்லாமல் தரும்?

இறக்கத்தில் விசித்திரம் ஒன்று நடக்கும். 300 பேர் 100 ஆகக் குறைந்தால் பழைய பெரிய பில்களின் பணம் வந்துகொண்டிருக்கும், புதிய சம்பளச் செலவோ சிறியது. இரண்டு மாதம் வங்கிக் கணக்கு கொழுத்துத் தெரியும். அதை லாபம் என்று நம்பி இடம் வாங்கியவர்கள் உண்டு. உண்மையில் அதில் பாதி நம்முடையதே இல்லை. போனஸுக்கென்று கிளையண்டிடம் மாதாமாதம் வாங்கிய 8.33%, விடுப்புச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்கச் சொல்கிறது.

2020 இன்னும் மோசம். ஊரடங்கில் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. மே 18-இல்தான் அது விலகியது. வேலை நடக்காத நாளுக்குப் பில் போடாதே என்று ஒரு பக்கம் கிளையண்ட், சம்பளம் எங்கே என்று மறுபக்கம் தொழிலாளி. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளிதான், அதாவது கிளையண்ட்தான், பொறுப்பு என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லத்தான் செய்தது. ஆனால் தொழிலாளி வந்து நிற்பது நம் வாசலில்.

மந்தமே இல்லாமலும் அடி விழலாம். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது, 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு. ஒரே பெரிய கிளையண்டை வைத்திருப்பவருக்கு அவருடைய முடிவுதான் பொருளாதாரம். இந்த விஷயத்தில் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை.

மீட்சியில் மட்டும் காண்ட்ராக்ட் தெளிவாக முந்தும். ஆர்டர் நிலைக்குமா என்று தெரியாத கம்பெனி தன் நேரடி ஊழியராக ஆள் எடுக்கத் தயங்கும், முதலில் காண்ட்ராக்டில்தான் கேட்கும். பெர்மனென்ட் தேவை அப்புறம்தான் வரும்.

இருபது லட்சத்துக்குள் கையிருப்போடு தொடங்குபவர் பெர்மனென்டில் தொடங்கட்டும். ஆறு மாதச் செலவை மட்டும் தொடாமல் வைத்திருந்தால் ஓரளவு மந்தத்தைத் தாண்டலாம். அந்தக் கட்டணத்தில் சேர்ந்த பணத்தை வைத்து இருபது, முப்பது பேர் அளவில் காண்ட்ராக்டை எடுக்கலாம், 30 நாளில் பணம் தருபவரிடம் மட்டும். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கிளையண்டுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவார்? கிளையண்டின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் சிறு நிறுவனங்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கும் ட்ரெட்ஸ் (TReDS) என்ற இணையத் தளத்தில் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். அவர் அங்கே பில்லை ஏற்றுக்கொண்டால் அதை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கிவிடலாம். 60 நாள்தான் என்று அடம்பிடிப்பவரிடம் நான் 9% கேட்பேன். 6%-க்கு மேல் முடியாது என்றால் அந்த ஆர்டர் வேறு யாருக்காவது போகட்டும்.