ஆடியில் கல்யாணம், ராகு காலத்தில் மாலை: மண்டபம் எப்படி?

போன ஆடியில் என் தங்கைக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்தினோம். திருச்சி பக்கம் ஒரு மண்டபம். முந்நூறு பேர் உட்காரலாம், ஏசி உண்டு. குறையும் சொல்லப் போவதால் பேர் போடவில்லை. ஐயர், ஓமம், நல்ல நேரம் எதுவும் இல்லாமல் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

முதல் லாபம் வாடகை. ஆவணியில் முகூர்த்த நாளுக்கு ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும் மண்டபம் ஆடியில் பூட்டிக் கிடக்கிறது. பாதி வாடகைக்கே கொடுத்தார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி என்றதும் மேனேஜர் காலண்டரைப் புரட்டிவிட்டு, "மேடம், அது ராகு காலம்" என்றார், ஏதோ துக்கச் செய்தி சொல்கிற குரலில். வெளியூர்க்காரர்கள் வந்து சேர அதுதான் தோது என்றேன்.

அவருக்கு அடுத்த கவலை தாலி. "தாலி இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" அண்ணா ஆட்சியில், 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவைச் சொன்னேன். உற்றார் நண்பர் முன்னால் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். எதுவும் வேண்டாம் என்றால் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னாலே போதும். ஆனால் கடவுளே இல்லை என்கிறவர்களும் இந்தச் சட்டத்துக்கு இந்துக் கணக்கில்தான் வர வேண்டும், அது தனி வேடிக்கை. ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான். 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

விஷயம் பிடிபட்டதும் பணியாளர்கள் பிரமாதமாக வேலை செய்தார்கள். ஓம குண்டம் வைக்கும் இடத்தில் மைக் ஸ்டாண்டு வந்தது. 'ஐயர் ரூம்' என்று போர்டு மாட்டிய அறையைக் கைக்குழந்தைக்காரர்களுக்குத் திறந்துவிட்டு, அவர்களாகவே ஒரு பெஞ்சும் மின்விசிறியும் போட்டார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. மைக் ஒருமுறைகூடக் கரகரக்கவில்லை. இரண்டு பேரும் உறுதிமொழி வாசித்தது கடைசி வரிசைப் பெரியம்மாவுக்கும் கேட்டது. "இவ்வளவுதானா, முடிஞ்சிதா?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

முடியவில்லை. தலைமை தாங்கிய தோழர் 1928-ல் சுக்கிலநத்தத்தில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணத்தில் ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் இந்த நூற்றாண்டுக்கு வரவில்லை. மந்திரத்தைத்தான் விட்டோம், ஜனங்களைக் காக்க வைப்பதை விடவில்லை. இதில் மண்டபத்தின்மேல் தப்பில்லை. சமையல்காரர் சாம்பாரை மறுபடி சூடு பண்ணித்தான் பந்தி போட்டார். கத்தரிக்காய் கொத்சு நன்றாக இருந்தது, பாயசத்தில் சர்க்கரை தூக்கல்.

குறை பில்லில். மணவறைப் பேக்கேஜ் என்று செங்கல், வரட்டி, நெய், சுள்ளி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். வராத சாமானுக்கு எதற்குக் காசு என்றால், "பேக்கேஜ்ல பிரிக்க முடியாது மேடம்." கடைசியில் ஆயிரம் குறைத்தார்கள். முன்பணம் கொடுக்கும்போதே ஓம சாமான் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அழைப்பிதழ், போட்டோவோடு கொண்டுபோக மண்டப ரசீதையும் வாங்கி வையுங்கள். அதை மட்டும் இங்கே கேட்காமலே கொடுத்தார்கள்.